பர்சனல் லேர்னிங் நெட்வர்க்: தமிழில் எப்படிச் சொல்வது?

ஆசிரியர்கள் தொழில் திறனை வளர்த்துக்கொள்ளும் வாண்மை விருத்திப் பயிற்சிகளில் இப்போது அடிக்கடி காதில் விழுகிற சொல் பி.எல்.என். விரித்தால் 'பர்சனல் லேர்னிங் நெட்வர்க்'. ஹட்டனில் ஒரு வளவாளர் அதைத் 'தனிப்பட்ட கற்றல் வலையமைப்பு' என்பார். பண்டாரவளையில் இன்னொருவர் 'சுயகற்றல் பிணையம்' என்பார். இரண்டும் ஒன்றுதான் என்று கேட்பவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. மலையக ஆசிரியர்களுக்கு இவ்வளவு பயன்படக்கூடிய ஒன்று, பெயர் சரியாக அமையாததால் விளங்காமல் போகக் கூடாது.

பொருள் எளிதுதான். தொழிலில் வளர நினைக்கிற ஒருவர், தெரியாததைக் கேட்கவும் தெரிந்ததைச் சொல்லவும் தானே தேடிச் சேர்த்துக்கொண்ட ஆட்களின் தொடர்பு அது. வாட்ஸ்அப், ஃபேஸ்புக், சூம் எல்லாம் அந்த ஆட்களிடம் போய்ச் சேரும் வழிகள்.

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவரை எனக்குத் தெரியும். அங்கே அந்தப் பாடத்துக்கு அவர் ஒருவர்தான். அமிலம், மூலம் பாடம் நடத்தும் வாரத்தில் நிறம் மாறி அமிலமா மூலமா என்று காட்டும் 'காட்டி' என்ற பொருள் தீர்ந்துபோயிற்று. பக்கத்து வகுப்பில் போய்க் கேட்க ஆள் இல்லை. இரவு தனக்குத் தெரிந்த சிலருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினார். மட்டக்களப்பிலிருந்து கூடப் படித்த ஒருவர், செவ்வரத்தைப் பூவிதழைச் சுடுநீரில் ஊறவைத்துச் சாற்றை எடுக்கச் சொன்னார். அமிலத்தில் நன்றாகச் சிவக்கும், மூலத்தில் பச்சையாகும். இணையவழிப் பயிற்சி ஒன்றில் அறிமுகமான வவுனியா ஆசிரியர் ஒருவரும் அதையேதான் சொன்னார், கூடவே ஒரு எச்சரிக்கையோடு: "மிஸ், அமிலமா மூலமா என்று பார்க்க அது போதும். துளித்துளியாக ஊற்றி அளவு காணும் நியமிப்புக்கு எடுக்காதீங்க, நிறம் சட்டென்று மாறாது, எங்கே நிறுத்துவது என்ற முடிவுப்புள்ளி பிடிபடாது." பதில் சொன்ன இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. இருவரையும் தெரிந்தவர் அந்த ஆசிரியைதான். 'பர்சனல்' என்ற சொல்லின் பாரம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

இந்தத் தொடரை 1998இல் டானியல் டோபின் என்ற அமெரிக்கப் பயிற்சித் துறை எழுத்தாளர் எடுத்தாண்டார். வழிகாட்டவும் கேள்விக்குப் பதில் சொல்லவும் தம் அனுபவத்தைப் பகிரவும் கூடிய மனிதர்களின் குழு என்றே அவர் விளக்கினார். இணையத்தோடு அது இறுகியது பிறகுதான். கனடாவில் ஜோர்ஜ் சீமென்ஸ் 2004 டிசம்பரில் 'கனெக்டிவிசம்' என்ற கருத்தை முன்வைத்தார்: அறிவு ஒரே தலைக்குள் இருப்பதில்லை, தொடர்புகளில் பரவிக் கிடக்கிறது, அந்தத் தொடர்புகளை உண்டாக்கிப் பேணுவதே கற்றல் என்று. 2008இல் அவரும் ஸ்டீபன் டவுன்ஸும் மனிடோபா பல்கலைக்கழகத்தின் வழியாக அதைப் பற்றி இணையத்தில் நடத்திய திறந்த வகுப்பில் 2,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். இதற்கெல்லாம் வெகு முன்பே, 1973இல், சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் ஒன்றைக் காட்டியிருந்தார்: புதுச் செய்தி நெருங்கியவர்களைவிடத் தூரத்துப் பழக்கங்கள் வழியாகவே அதிகம் வந்து சேர்கிறது. ஒரே தோட்டத்தில், ஒரே ஆசிரியர் அறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். பயிற்சிக் கல்லூரியோடு தொடர்பு விட்டுப்போனவர்களுக்கு இது நன்றாகவே விளங்கும்.

சரி, தமிழுக்கு வருவோம். 'நெட்வர்க்' பழைய சொல். 1560இல் அச்சான ஆங்கில விவிலியத்திலேயே வலைபோலப் பின்னிய பித்தளைச் சல்லடைக்கு அந்தச் சொல்தான் வருகிறது. அதிலுள்ள 'வர்க்' செய்யப்பட்ட பொருளைக் குறிக்கும், உத்தியோகத்தை அல்ல. தமிழகத்தில் கணினித் துறையினர் 'பிணையம்' என்கிறார்கள். நம் ஊரில் பிணை என்றதும் நீதிமன்றம்தான் நினைவுக்கு வரும், ஆகவே அது இங்கே ஒட்டாது. வெறும் 'வலை' என்றால் வலைத்தளம், வலைப்பூ பக்கம் மனம் போய்விடும். 'வட்டம்' அழகான சொல். வாசகர் வட்டம், நட்பு வட்டம் என்று நாம் புழங்குவதுதான். ஆனால் வட்டத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். மட்டக்களப்புக்காரரும் வவுனியாக்காரரும் ஒருவரையொருவர் அறியாமல் இருந்தது அதில் அடங்காது. இலங்கையில் ஏற்கெனவே வேரூன்றிய 'வலையமைப்பு' போதும்.

சிக்கல் 'பர்சனல்' என்பதில்தான். 'தனிப்பட்ட' என்றால் பிறர் தலையிடக் கூடாத அந்தரங்கம் என்று ஆகிவிடுகிறது. 'சுயகற்றல்' இன்னும் மோசம். அது யாருடைய துணையுமின்றித் தானே படிப்பதற்குப் பெயர், இங்கே சொல்ல வந்ததற்கு நேர் எதிர். 'சொந்த' என்பதே பொருந்துகிறது என்பது என் முடிவு. சொந்த வீடு, சொந்தக் காணி என்னும்போது நாமே உரிமையோடு ஆள்வது. சொந்தபந்தம் என்னும்போது உறவு. பி.எல்.என்.னுக்கு இரண்டுமே வேண்டும்.

பொருள் நமக்குப் புதிதுமல்ல. 13ஆம் நூற்றாண்டு நன்னூல், ஆசான் சொன்னதை நன்றாக வாங்கிக்கொண்டாலும் புலமையில் கால்பங்குதான் கிடைக்கும் என்கிறது. இன்னொரு கால் 'அவ்வினையாளரொடு பயில்வகை'யால், அதாவது அதே வேலையில் இருப்பவர்களோடு பழகிப் பயில்வதால். மிச்ச அரைப்பங்கு பிறருக்கு எடுத்துச் சொல்வதால். குழுக்களில் வரும் மாதிரி வினாத்தாள்களை இறக்கி வைத்துக்கொண்டு ஒரு வரியும் எழுதாமல் இருப்பவர்கள் அந்த அரைப்பங்கை இழக்கிறார்கள். மஸ்கெலியா ஆசிரியை அடுத்த நாளே தன் சோதனைக் குழாய்களின் படத்தை எந்தக் குழாயில் என்ன ஊற்றினார் என்று எழுதி இருவருக்கும் அனுப்பினார். அப்புறம் அவரிடம் கேள்வி கேட்டு மற்றவர்கள் எழுதத் தொடங்கினார்கள்.

ஆகவே எழுதும்போது 'சொந்தக் கற்றல் வலையமைப்பு' என்று எழுதலாம். நடுவில் ஒற்று மிகும். முன்னால் 'இணையவழி' என்று எப்போதும் சேர்க்கத் தேவையில்லை, ஏனெனில் தலவாக்கலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது சந்தித்துப் பேசும் சக ஆசிரியரும் அதில் ஒருவர்தான். இணையத்தில் மட்டும் இயங்குவதைப் பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் 'இணையவழிச் சொந்தக் கற்றல் வலையமைப்பு' என்று சொல்லலாம். பேச்சில் அவ்வளவு நீளம் வேண்டாம். 'என் கற்றல் வலையமைப்பு' என்றால் யாருக்கும் விளங்கும்.