கிராஸ்ஓவர் கிட்டார்: ஆம்ப்பில் செருகும் முன் பார்க்க வேண்டியவை

ஸ்டீல் கிட்டாரில் பழகியவர் கையில் கிளாசிக்கல் கிட்டாரைக் கொடுத்தால் முதலில் முரண்டு பிடிப்பது இடது கைதான். கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் நட் 52 மில்லிமீட்டர் அகலம், விரற்பலகை மட்டத்தட்டை, 12ஆம் ஃபிரெட்டிலேயே (விரற்பலகையின் குறுக்குக் கம்பி) உடல் தொடங்கிவிடும். இவற்றையெல்லாம் கொஞ்சம் தளர்த்தித் தருவதுதான் நைலான் கிராஸ்ஓவர். நட் 48 அல்லது 50 மி.மீ., விரற்பலகையில் லேசான வளைவு, பெரும்பாலும் 14ஆம் ஃபிரெட்டில் உடல், கழுத்துக்குள் அது வளையாமல் காக்கும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராட், உள்ளே ஒலியை ஆம்ப்புக்கு அனுப்பும் பிக்கப். வசதி கூடுகிறது, சரி. எது குறைகிறது என்பதை விளம்பரத்தில் எழுதமாட்டார்கள்.

யமஹாவின் இரண்டு வரிசைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். என்சிஎக்ஸ் வரிசையில் 52 மி.மீ. நட், 12ஆம் ஃபிரெட்டில் உடல். என்டிஎக்ஸில் 48 மி.மீ., 14ஆம் ஃபிரெட், உடலும் மெலிது. தந்தியின் நீளத்தை மாற்றாமல் கழுத்தை மட்டும் வெளியே நீட்டினால், உடலில் தந்திகளைக் கட்டும் பிரிட்ஜ் ஒலித்துளை பக்கம் நகர்ந்துவிடும். மேற்பலகை தாராளமாக அதிரும் நடுப்பகுதியில் அது இப்போது இல்லை. இதோடு உடலின் ஆழமும் குறைந்தால், கீழ் ஸ்தாயியின் உருண்டை முதலில் கரையும். குழுவோடு மேடையில் வாசிப்பவருக்கு இது நல்லதே: ஆம்ப்பின் ஒலி கிட்டாருக்குள் திரும்பி எழுப்பும் ஊளை குறையும், பேஸ் கிட்டாரோடு மோதாது. தனியாக, மைக் இல்லாமல் வாசிப்பவருக்கு வெறுமையாகக் கேட்கும்.

நட் விஷயத்தில் 4 மி.மீ. என்பது கேட்க அற்பம். ஐந்து இடைவெளிகளுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 0.8 மி.மீ. போகிறது. நைலானின் முதல் தந்தி ஏறக்குறைய 0.7 மி.மீ. தடிமன், ஸ்டீலில் அது 0.3. அதிரும்போது நைலான் அதிகமாகவும் வீசும். எனவே விரல் நுனி தடித்தவர்கள் திறந்த சி கார்டு பிடித்து, முதல் தந்தி அமுங்காமல் ஒலிக்கிறதா என்று பாருங்கள். அமுங்கினால் கார்டோபாவின் ஜிகே ஸ்டூடியோ மாதிரி 50 மி.மீ. நட் உள்ளதற்குப் போகலாம். டெய்லரின் நைலான் மாடல்கள் 47.6 மி.மீ.; பிக் பிடித்து வாசித்து வந்தவர்களுக்கு அதில் ஒட்டும். வலது கைக்கு நட் அகலம் எதையும் சொல்லாது. சேடிலில் (பிரிட்ஜின் மேல் தந்திகள் படியும் மெல்லிய பட்டை) தந்திகளின் இடைவெளியைத் தனியே அளக்க வேண்டும்.

கோடின் நிறுவனத்தின் மல்டியாக் வேறு சாதி. ஒலித்துளையே கிடையாது, மரத்துக்குள் அறைகள் மட்டும். ஆம்ப் இல்லாமல் மெலிந்த ஒலிதான். உரத்த மேடையில் இதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்வது கடினம்.

நைலானில் இரும்பு இல்லாததால் காந்தப் பிக்கப் வேலை செய்யாது. சேடிலுக்கு அடியில், தந்தியின் அழுத்த அதிர்வை மின்சைகையாக்கும் பியசோ வைப்பார்கள். இதில்தான் அதிகப் புகார். ஒரு தந்தி மட்டும் சோர்ந்து ஒலித்தால் அந்தச் சைகையை வலுப்படுத்தும் ப்ரீஆம்ப்பைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் சேடிலின் அடிப்பக்கம் சமமாக இருக்காது, அல்லது பள்ளத்தில் தூசி கிடக்கும். ஆக்ஷன் (ஃபிரெட்டுக்கு மேல் தந்தி நிற்கும் உயரம்) குறைக்கிறேன் என்று அடிப்பக்கத்தைக் கையில் பிடித்துத் தேய்த்தவர்கள் செய்துவைக்கும் வேலை இது. கண்ணாடியின் மேல் உப்புத்தாளை ஒட்டி, சேடிலை நிமிர்த்திப் பிடித்து நேர்கோட்டில் தேய்க்க வேண்டும். 12ஆம் ஃபிரெட்டில் அரை மி.மீ. இறங்க, சேடிலில் ஒரு மி.மீ. எடுக்க வேண்டும். ஆறாம் தந்தி 3 மி.மீ., முதல் தந்தி 2.5 மி.மீ. அளவில் நின்றால் பெரும்பாலான கைகளுக்குப் போதும். வாங்கும்போதே சேடில் பிரிட்ஜுக்கு மேல் 2 மி.மீ.கூடத் தெரியாமல், ஆக்ஷனும் உயரமாக இருந்தால் அந்தக் கிட்டாரை விட்டுவிடுங்கள். இறக்க இடமே இல்லை.

பணம் எங்கே போக வேண்டும்? முதலில் ஒற்றை மரத்தாலான மேற்பலகைக்கு. ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள்: மேலே தெரியும் மரக்கோடுகள் விளிம்பிலும் தொடர்ந்து இறங்கினால் ஒற்றைப் பலகை, அடுக்குகள் தெரிந்தால் ஒட்டுப்பலகை. அடுத்தது ஃபிரெட் முனைகளின் சுத்தம், அதன் பிறகு பிக்கப். பின்பலகை என்ன மரம் என்பது கடைசி. எப்போதும் ஆம்ப்பில்தான் வாசிப்பேன் என்பவர் அதற்கு ஒரு காசுகூட அதிகம் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

சுருதியில் தொந்தரவு தருவது பெரும்பாலும் மூன்றாம் தந்தி. 12ஆம் ஃபிரெட்டில் ஹார்மோனிக்கையும் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் சுரம்) அழுத்திய சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது மட்டும் ஏறினால், முதலில் அதற்குக் கார்பன் தந்தி போட்டுப் பாருங்கள். மெலிதாக இருப்பதால் பல சமயம் இதுவே போதும். புதுத் தந்தி அடங்கச் சில நாள் ஆகும், அதற்கு முன் தீர்ப்பு எழுத வேண்டாம்.

“கழுத்தில்தான் ட்ரஸ் ராட் இருக்கிறதே, ஸ்டீல் தந்தி போட்டால் என்ன?” என்று கேட்பவர்கள் நிறைய. ட்ரஸ் ராட் கழுத்தைக் காக்கும், பிரிட்ஜை அல்ல. நைலான் செட்டின் மொத்த இழுவிசை 40 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. லைட் ஸ்டீல் செட்டில் 70ஐத் தாண்டும். மேற்பலகை உப்பி, பிரிட்ஜ் பின்பக்கமாகக் கிளம்பும்.

பழைய கிட்டார் வாங்குபவர்கள் பிரிட்ஜின் பின் விளிம்புக்கு அடியில் ஒரு மெல்லிய தாளை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது. அங்கேயே மேற்பலகையில் சிறு குழிகள் தெரிந்தால், அவை முடிச்சு நழுவிய தந்தி சாட்டையடி கொடுத்த இடங்கள். வழவழப்பான முதல் தந்தியை ஒரே சுற்றில் கட்டியிருப்பார்கள். அதற்கு மூன்று சுற்று வேண்டும், கடைசிச் சுற்று பிரிட்ஜின் பின் விளிம்பைத் தாண்டிக் கீழே அமுங்க வேண்டும். குழிகளால் ஒலி கெடாது, ஆனால் விலை பேசும்போது காட்டலாம்.