ப்ராக்ஸி: நகல் அல்ல, பதிலி

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆவணப்பட வேலை. பதினொரு நாள் படப்பிடிப்பு முடிந்து எடிட் அறைக்கு ஹார்ட் டிஸ்குகள் வந்தன. எல்லாக் காட்சிகளும் ஓடின, குரலும் தெளிவாகக் கேட்டது. பெரிய திரையில் போட்டுப் பார்த்தபோதுதான் ஏழாம் நாளின் முகங்கள் மட்டும் கட்டம் கட்டமாக உடைந்தன. அந்த நாளின் மூலக் கோப்புகள் எங்கும் இல்லை. விசாரித்ததில் தெரிந்தது இதுதான்: அன்று மாலை கேமராவின் மெமரி கார்டு போதவில்லை. "ப்ராக்ஸின்னா காப்பிதானே அண்ணே, அதான் எடுத்தாச்சே" என்று கார்டை அழித்துவிட்டு அதிலேயே மறுபடியும் எடுத்திருக்கிறார்கள். அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை, சோம்பேறியும் இல்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் 'ப்ராக்ஸி' என்பதற்கு 'காப்பி' என்று பொருள் சொல்லியிருந்தார். அவ்வளவுதான் நடந்தது.

அன்றிலிருந்து இந்தச் சொல்லுக்குச் சரியான தமிழ் எது என்பது எனக்கு வெறும் மொழி ஆர்வம் சார்ந்த கேள்வியாக இல்லை.

முதலில் பொருள். கேமரா பதிவு செய்யும் கோப்பு கனமானது. அதை அப்படியே வைத்து எடிட் செய்தால் கணினி திணறும். அதனால் ஒவ்வொரு மூலக் கோப்புக்கும் சின்னதாக, தரம் குறைந்த இன்னொரு கோப்பைத் தயாரித்து, வெட்டுவது, ஒட்டுவது, வரிசை மாற்றுவது எல்லாவற்றையும் அதில் செய்கிறோம். படம் உறுதியானதும், டைம்லைனில் (காட்சிகளை வரிசையாக அடுக்கும் இடத்தில்) சின்னக் கோப்பு இருந்த ஒவ்வோர் இடத்திலும் அதன் மூலக் கோப்பைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறோம். அந்தச் சின்னக் கோப்புதான் ப்ராக்ஸி. நிறம் திருத்துவதும் இறுதிப் பிரதி எடுப்பதும் மூலத்திலிருந்து மட்டுமே.

எவ்வளவு சின்னது என்பதைக் கணக்குப் போட்டால்தான் புரியும். ஆப்பிளின் ப்ரோரெஸ் 422 எச்க்யூ என்ற உயர்தர வீடியோ வடிவத்தில், 3840க்கு 2160 அளவில், நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் நொடிக்குச் சுமார் 737 மெகாபிட். ஒரு மணி நேரக் காட்சி ஏறக்குறைய 330 ஜிபி பிடிக்கும். அதையே 1920க்கு 1080 அளவில், ப்ரோரெஸின் எடை குறைந்த வடிவமான ப்ரோரெஸ் ப்ராக்ஸியாக மாற்றினால் நொடிக்கு 38 மெகாபிட், மணிக்கு 17 ஜிபி. ஆவணப்படக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் உயிர்நாடி. கதைப்படத்தில் என்ன எடுக்கப் போகிறோம் என்பது முன்பே தெரியும். ஆவணப்படத்தில் வாழ்க்கை எப்போது திசை திரும்பும் என்று தெரியாமல் கேமராவை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். 2019இல் வெளியான வட மாசிடோனியாவின் 'ஹனிலேண்ட்' படத்துக்காக மூன்று ஆண்டுகளில் 400 மணி நேரத்துக்கு மேல் எடுத்தார்கள். திரைக்கு வந்தது ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. 400 மணி நேரத்தை மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பாருங்கள்: எச்க்யூ என்றால் சுமார் 130 டிபி. ப்ராக்ஸி என்றால் 7 டிபிக்குள் அடங்கிவிடும், ஒரே ஹார்ட் டிஸ்கில் பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

பலர் சேர்ந்து வேலை செய்யும்போது இதன் அருமை இன்னும் கூடுகிறது. எடிட் அறைகளில் 'நாஸ்' அல்லது 'சர்வர்' என்று சொல்லும் பொதுச் சேமிப்பகத்தில் காட்சிகள் இருக்கும். எடிட்டர் ஒரு கணினியிலும், உதவியாளர் இன்னொன்றிலும், பேச்சைக் கேட்டு எழுத்துப்படி எடுப்பவர் மற்றொன்றிலும் அதே காட்சிகளைத் திறந்திருப்பார்கள். சாதாரண கிகாபிட் கேபிள் நொடிக்கு அதிகபட்சம் 1000 மெகாபிட் கடத்தும். 737 மெகாபிட் காட்சி ஒன்று ஓடினாலே பாதை ஏறக்குறைய நிரம்பிவிடும். இரண்டு கேமரா நேர்காணலை ஒன்றாக ஓட்டிப் பார்க்கவே முடியாது. 38 மெகாபிட் என்றால் பத்துக் காட்சிகள் ஓடினாலும் பாதி கூட நிரம்பாது. பெரிய நிறுவனங்கள் 10 கிகாபிட் பாதை போட்டுக்கொள்ளலாம். சின்னக் குழுக்கள் ஒன்றுகூடி வேலை செய்வது ப்ராக்ஸியால்தான் கைகூடுகிறது. நீலகிரியில் தோடர்களையோ கோத்தர்களையோ அவர்கள் மொழியிலேயே பேச வைத்துப் படமெடுத்துவிட்டு சென்னையில் எடிட் செய்கிறோம் என்றால், அந்த மொழி தெரிந்தவருக்கு 330 ஜிபியை அனுப்ப முடியாது. ஓரத்தில் நேரக் குறியீடு ஓடும் சின்னக் கோப்பை அனுப்பினால், அவர் இந்த நிமிடத்தில் இந்த நொடியில் இதைச் சொல்கிறார் என்று எழுதித் தந்துவிடுவார்.

இந்த ஏற்பாடு டிஜிட்டல் காலத்தில் பிறந்ததும் அல்ல. ஃபிலிம் நாட்களில் நெகட்டிவ் லேபிலேயே பத்திரமாக இருக்கும். அதிலிருந்து அடித்த ரஷ் பிரிண்டுதான் எடிட்டரின் மூவியோலா என்ற எடிட்டிங் இயந்திரத்துக்கு வரும். கீறினாலும் கிழிந்தாலும் அதோடு போகட்டும் என்று அதைத்தான் வெட்டுவார்கள். செலவைக் குறைக்க, கலர் படத்துக்குக் கறுப்பு வெள்ளையில் ரஷ் அடித்ததும் உண்டு. ஃபிலிம் ஓரத்தில் அச்சாகியிருக்கும் எண்களை ஒப்பிட்டு, கடைசியில் ரஷ்ஷில் வெட்டியபடியே நெகட்டிவை வெட்டும் நெகட்டிவ் கட்டிங் நடக்கும். 1989இல் கணினியில் எடிட் செய்யும் ஆவிட் வந்தபோதும் இதே கதைதான். டிஸ்க் விலை அதிகம் என்பதால் மங்கலான படத்தில் வெட்டி, வெட்டின கணக்கை மட்டும் எடுத்துப்போய் நல்ல படத்தில் ஏற்றினார்கள். 'ப்ராக்ஸி' என்ற சொல்தான் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

அந்தச் சொல்லின் வேர் லத்தீன். 'ப்ரோ' என்றால் சார்பாக, 'கூரா' என்றால் கவனிப்பு, அக்கறை. இரண்டும் சேர்ந்த 'ப்ரோகூராரே' என்பது ஒருவர் சார்பாக அவர் காரியத்தைப் பார்த்துக்கொள்வது. அதிலிருந்து 'ப்ரோகூராத்தியோ', பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'ப்ரோக்யுரசி', அது வாய்வழக்கில் தேய்ந்து தேய்ந்து 'ப்ராக்ஸி'. ஆக, சொல்லின் கருவில் படியெடுத்தல் என்ற எண்ணமே கிடையாது. இருப்பது பொறுப்பு. 1810இல் வியன்னாவில் ஆஸ்திரிய இளவரசி மரி லூயிஸுக்கும் நெப்போலியனுக்கும் திருமணம் நடந்தபோது நெப்போலியன் அங்கே இல்லை. அவர் இடத்தில் நின்றவர் பெண்ணின் சிற்றப்பா கார்ல். நம் பக்கம் ஜமீன் குடும்பங்கள் சிலவற்றில் மாப்பிள்ளைக்குப் பதிலாக அவர் வாளை வைத்துத் தாலி கட்டும் வழக்கம் இருந்தது. பந்தலில் இருந்த எல்லோருக்கும் தெரியும், வாள் மாப்பிள்ளை அல்ல. ஆனால் அந்த நேரத்துக்கு அவருக்கு உரிய இடம் வாளுக்கு. கல்லூரியில் நண்பனுக்கு 'ப்ராக்ஸி கொடுத்த' எவருக்கும் இந்தப் பொருள் தெரிந்ததுதான்.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'நகல்' என்பது நிச்சயமாகத் தவறு. அது 'நக்ல்' என்ற அரபுச் சொல். அரசு அலுவலக, நீதிமன்ற வழக்கில் 'அசல்' என்ற இன்னோர் அரபுச் சொல்லோடு ஜோடியாகத் தமிழுக்கு வந்தது. நகல் என்றவுடன் நம் மனம் ஜெராக்ஸை நினைக்கும்: அசல் தொலைந்தாலும் இது உதவும் என்று. ஏழாம் நாளில் நடந்தது அதுதான்.

'பினாமி' என்று ஒரு நண்பர் சொன்னார். பாரசீகத்தில் 'பே' என்றால் இல்லாத, 'நாம்' என்றால் பெயர், பெயரில்லாமல் வைத்திருப்பது. உரிமையாளரை மறைப்பதே பினாமியின் வேலை. நம் கோப்புக்கு நேர் எதிரான குணம் வேண்டும். மூலத்தின் பெயரை அது எழுத்துப் பிசகாமல் சுமக்க வேண்டும். பெயர் மாறினால் மூலத்தோடு அதைச் சேர்க்க மென்பொருள் திணறும்.

எனக்கு மிகவும் பிடித்தது 'போலி'. இலக்கணத்தில் போலி என்றால் பொய் அல்ல. நிலம் என்பது நிலன் என்று வரும்போது மகரத்தின் இடத்தில் னகரம் நிற்கிறது, பொருள் மாறுவதில்லை. அதைக் கடைப்போலி என்கிறோம். ப்ராக்ஸிக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் கிடைக்காது. ஆனால் போலி மருத்துவர், போலிப் பத்திரம் என்று அந்தச் சொல் இன்று வேறு இடத்துக்குப் போய்விட்டது. எடிட் அறையில் 'போலியைத் திற' என்று யாரும் சொல்லப் போவதில்லை.

தனித்தமிழ் அன்பர்கள் 'பகரம்' என்பார்கள். இலங்கை முஸ்லிம்களின் எழுத்தில் 'அதற்குப் பகரமாக' என்பது இன்றும் இயல்பாக வருகிறது. நல்ல சொல். தயங்க வைப்பது ஒன்றுதான்: அதன் பக்கத்திலேயே 'பகர்ப்பு' நிற்கிறது. மலையாளத்தில் அதற்கு நகல் என்றே பொருள். எந்தக் குழப்பத்திலிருந்து வெளியே வர நினைக்கிறோமோ அதற்குள்ளேயே திரும்பப் போய்விடுவோம்.

மிஞ்சுவது 'பதிலி'. இணையத்தில் ப்ராக்ஸி சர்வரைப் 'பதிலிச் சேவையகம்' என்று ஏற்கெனவே எழுதுகிறோம். 'பதில்' அரபு 'பதல்' என்பதிலிருந்து வந்தது. மாற்று, ஈடு என்பது அதன் பொருள். விடை என்ற பொருள் பின்னால் முந்திக்கொண்டது. இலங்கைத் தமிழில் பழைய பொருள் அப்படியே இருக்கிறது: 'பதில் நீதவான்' என்றால் நீதவான் (மாஜிஸ்திரேட்) இல்லாத நாளில் அவர் இடத்தில் அமர்பவர். அவர் கையெழுத்து செல்லும். ஆனால் நீதவான் திரும்பியதும் எழுந்துவிடுவார். கோப்புக்கும் இதே விதி. வேர் அரபாக இருக்கிறதே என்று கேட்டால், தலைமுறை தலைமுறையாக 'அதற்குப் பதிலாக' என்று சொல்லிப் பழகிய நாவுக்கு இது வீட்டுச் சொல்தான் என்பேன்.

ஒரு பதிலி மூலத்தின் இடத்தில் நிற்க வேண்டுமானால் சில விஷயங்களில் மூலத்தைப் போலவே இருக்க வேண்டும். கோப்பின் பெயர், நேரக் குறியீடு, நொடிக்கு எத்தனை ஃபிரேம், ஒலித்தடங்களின் எண்ணிக்கை. கடைசியைத்தான் பலரும் மறக்கிறார்கள். மூலத்தில் நான்கு ஒலித்தடம், பதிலியில் இரண்டு என்றால், சட்டை மைக்கில் பதிவான குரல் எடிட்டருக்குக் கேட்கவே கேட்காது. மூலத்தோடு சேர்க்கும்போதும் மென்பொருள் முரண்டு பிடிக்கும். படத்தின் அளவும் தரமும் மட்டுமே மாறலாம்.

பக்கத்தில் இன்னொரு சொல்லையும் பிரித்து வைக்க வேண்டியிருக்கிறது. 'பேக்கப்' என்பது மூலத்தை பிட் பிசகாமல் இன்னொரு டிஸ்கில் வைப்பது. அதற்குக் 'காப்பு' போதும். நாஸில் 'ராய்டு' (பல டிஸ்குகளை ஒன்றாகக் கட்டும் ஏற்பாடு) இருக்கிறதே, அது காப்புதானே என்று கேட்பார்கள். இல்லை. ஒரு டிஸ்க் செத்தால் ராய்டு தாங்கும், கை தவறி அழித்தால் அழித்ததுதான்.

இப்போது எங்கள் பொதுச் சேமிப்பகத்தில் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு கோப்புறைகள்: 'மூலம்', 'பதிலி'. 'காப்பு' வேறொரு டிஸ்கில், வேறொரு வீட்டில். மூலத்தைத் திறந்து பார்க்க எல்லோருக்கும் அனுமதி உண்டு, மாற்றவோ அழிக்கவோ ஒருவருக்கு மட்டும். பதிலியில் யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம், கெட்டால் ஒரே இரவில் மறுபடி தயாரித்துவிடலாம். களத்தில் இருக்கும் தம்பி போனில் கேட்கும் கேள்வியும் மாறிவிட்டது. "காப்பி ஆயிடுச்சா?" என்பதில்லை இப்போது. "அண்ணே, மூலம் ரெண்டு டிஸ்க்ல ஏறி சரிபார்த்தாச்சு, பதிலி ஓடிட்டிருக்கு. கார்டை அழிக்கலாமா?"