பவுத்திரத்துக்கு ஆபரேஷனா? முதலில் ஸ்கேன் எடுங்கள்

சுவர் விளம்பரங்களில் 'மூலம், பவுத்திரம்' என்று சேர்த்தே எழுதுவதால் இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். மூலத்தை நேரில் பரிசோதித்தே கண்டுபிடித்துவிடலாம், அதற்கு ஆசனவாய்க்குள் கருவி வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வேண்டியதில்லை. பவுத்திரம் வேறு. ஆசனவாய்க்குள் உள்ள சிறு சுரப்பியில் சீழ் பிடித்து, அது தோல்வரை ஒரு பாதை போட்டுக்கொள்கிறது. "கட்டி உடைஞ்சு ஆறிடுச்சு டாக்டர், மறுபடி அதே இடத்துல கசியுது" என்பார்கள். வெளியே தெரிவது ஒரு சின்னத் துளை மட்டும்.

மலத்தை அடக்கிவைக்க உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு வளையத் தசைகள் இருக்கின்றன. பாதை இவற்றில் எவ்வளவைக் கடக்கிறது என்பதுதான் முக்கியம். கொஞ்சம் என்றால் பாதையைத் திறந்துவிட்டாலே ஆறிவிடும். பெரும்பகுதியைக் கடந்த பாதையை அப்படித் திறந்தால் மலம் அடங்காமலே போய்விடலாம். அங்கே பாதைக்குள் நூல் கோத்துக் கட்டுவது போன்ற வேறு வழியைத்தான் பார்க்க வேண்டும்.

இதைத் தெரிந்துகொள்ளத்தான் ஸ்கேன். விரல் பருமன் உள்ள கருவியை உறையும் ஜெல்லும் போட்டு ஆசனவாய்க்குள் வைத்துப் பார்க்கிறோம். சில நிமிட வேலை. பெரும்பாலும் மயக்கமருந்து தேவையில்லை, கதிர்வீச்சும் கிடையாது. திரையில் உள்தசை கறுப்பு வளையமாகவும் அதைச் சுற்றி வெளித்தசை வெளிறிய வளையமாகவும் தெரியும். பவுத்திரப் பாதையும் கறுப்புதான், பழைய ஆபரேஷன் தழும்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். குழப்பமாக இருந்தால் வெளித்துளை வழியாகக் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு செலுத்துவோம். அது நுரைத்து ஓடும்போது பாதை மட்டும் பளிச்சென்று வெண்மையாகும். உள்துளை எங்கே என்பதும் பெரும்பாலும் அப்போது பிடிபடும்.

பெண்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிரசவத்தில் கிழிந்த தசை, பல வருடம் கழித்துக்கூட வாயுவையோ மலத்தையோ அடக்க முடியாமல் செய்யும். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். வளையம் எங்கே அறுந்திருக்கிறது என்பதை இதே ஸ்கேன் காட்டிவிடும்.

இதற்கும் எல்லை உண்டு. ஆசனவாய் வெடிப்பால் வலி கடுமையாக இருந்தால் கருவியை உள்ளே வைக்காமல் தோலின் மேல் வைத்தே பார்க்கலாம். ஆழமாகக் கிளைவிட்ட பவுத்திரத்துக்கும் குரோன்ஸ் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கும் எம்ஆர்ஐ தேவைப்படும். ஏற்கெனவே ஆபரேஷன் ஆகியிருந்தால் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு கொண்டுவாருங்கள்.

ஆசனவாய் அருகே வீங்கி, காய்ச்சலும் வந்தால் ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள், சர்க்கரை நோயாளிகள் குறிப்பாக. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். சீழ் கட்டியிருந்தால் அதை வெளியேற்றுவதுதான் முதல் வேலை.