ரைபோசோம் பூட்டல்

செல்லுக்குள் புரதம் செய்யும் நுண்துகளைக் குறிக்கும் ‘ரைபோசோம்’ என்ற சொல்லுக்குள் வேலமரத்துப் பிசின் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேல இனத்து மரங்களில் வடியும் அரபுப் பிசினிலிருந்து கிடைத்த சர்க்கரைக்கு ‘அரபினோஸ்’ என்று பெயரிட்டிருந்தார்கள். அதன் நெருங்கிய உறவான இன்னொரு சர்க்கரையை 1891இல் எமில் ஃபிஷரும் ஆஸ்கர் பிலோட்டியும் உருவாக்கியபோது, அரபினோஸின் எழுத்துகளையே கலைத்துப் போட்டு ‘ரைபோஸ்’ என்று ஒரு பெயரைப் பிறப்பித்தார்கள். ரைபோசோமில் புரதத்தோடு சேர்ந்திருக்கும் ஆர்.என்.ஏ. என்ற இழை மூலக்கூறின் முதலெழுத்து அந்த ரைபோஸ்தான். ‘சோம்’ என்பது கிரேக்கத்தின் ‘சோமா’, அதாவது உடல். குரோமோசோமின் ‘சோம்’ பகுதியும் அதுவே. ஈழத்துப் பாடநூல்கள் குரோமோசோமை ‘நிறமூர்த்தம்’ என்று எவ்வளவு அழகாகப் பிடித்திருக்கின்றன!

துகளுக்குப் பெயர் பிந்தித்தான் வந்தது. 1953இல் ராபின்சனும் பிரவுனும் பீன்ஸ் வேரின் செல்களில் இத்துகள்களைப் பார்த்தார்கள். 1955இல் ஜார்ஜ் பலாடே விலங்குச் செல்களில் விவரித்தார். வாய்க்குள் அடங்காத நீண்ட தொடர்களால் இவற்றைக் குறித்துவந்தவர்களுக்கு ‘ரைபோசோம்’ என்ற பெயரை 1958இல் முன்மொழிந்தவர் ரிச்சர்ட் ராபர்ட்ஸ். காதுக்கு இனிமையாக இருக்கிறது என்பதும் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று.

எழுத்துகளைக் கலைத்துப் பிறந்த பெயரை மொழிபெயர்க்க வழியில்லை. ஆகவே ‘ரைபோசோம்’ அப்படியே இருக்கட்டும். நான் மல்லுக்கட்டுவது அடுத்த சொல்லோடு: இந்தத் துகளின் உறுப்புகளை ஒன்றாக இணைத்து உருவாக்கும் வேலையைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘தொகுப்பு’ என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் ‘புரதத் தொகுப்பு’ என்றால் ரைபோசோம் செய்யும் வேலை. ‘ரைபோசோம் தொகுப்பு’ என்றால் ரைபோசோமையே செய்யும் வேலை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் மாணவர் எங்கே நிற்பார்? ‘கட்டமைப்பு’ என்றால் முடிந்த வடிவம்தான் கண்முன் வருகிறது. நடக்கும் வேலை தெரிவதில்லை.

எங்கள் ஊர்ப் பம்புசெட் பட்டறையில் ‘பூட்டல்’ என்ற சொல் புழங்குகிறது. எண்ணெய்க் கறையோடு சாக்கின் மேல் உறுப்புகளை வரிசையாகப் பரப்பி வைத்திருந்த மெக்கானிக், “கழட்டிப் பூட்ட ரெண்டு நாளாகும்ண்ணே” என்றார். ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம். இலக்கணத்தில் விற்பூட்டுப் பொருள்கோள் இருக்கிறது. வில்லின் இரு முனைகளை நாண் இணைப்பதுபோல, செய்யுளின் முதற்சொல்லும் கடைசிச் சொல்லும் சேர்ந்து பொருள் தருவது. தனித்தனி உறுப்புகளை முறைப்படி சேர்த்து இயங்க வைப்பதே பூட்டல். கதவுப் பூட்டு நினைவுக்கு வருமே என்றால், வரட்டும். ‘ரைபோசோம்’ என்ற அடை அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். எனவே என் பரிந்துரை: அந்த வேலைக்கு ரைபோசோம் பூட்டல், அதை நடத்தும் மரபணுக்களுக்கு ரைபோசோம் பூட்டல் மரபணுக்கள்.

தாவர செல்லின் ரைபோசோமில் பெரியது ஒன்று, சிறியது ஒன்று என இரண்டு அலகுகள். நான்கு ஆர்.என்.ஏ. இழைகள், சுமார் 80 வகைப் புரதங்கள். செல்லின் உட்கருவுக்குள் இருக்கும் உட்கருமணியில் நீண்ட முன்னோடி ஆர்.என்.ஏ. படியெடுக்கப்பட்டு, வெட்டப்பட்டு, மடிந்து, புரதங்களோடு சேர்ந்து, பிறகு உட்கருவை விட்டு வெளியேறி முழுமை பெறுகிறது. வெட்டவும் மடிக்கவும் சரிபார்க்கவும் வந்துவிட்டு, வேலை முடிந்ததும் விலகிவிடும் புரதங்கள் ஏராளம். அவற்றுக்கான மரபணுக்களையே பூட்டல் மரபணுக்கள் என்கிறேன். பட்டறையின் ஸ்பேனர் போல, அவை முடிந்த இயந்திரத்தில் இருப்பதில்லை.

கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியான அராபிடாப்சிஸில் இவற்றுள் ஒன்று பழுதானால் பல நேரம் இலையே சொல்லிவிடும். வழக்கமாக வட்டமாக விரியும் முதல் இரண்டு இலைகள் ஒடுங்கி, நுனி கூர்ந்து நிற்கும். ரைபோசோமின் சொந்தப் புரதத்துக்கான மரபணு கெட்டாலும் இதே கூர் இலை தோன்றுவதுண்டு. வேர் குட்டையாகும், இலையின் நரம்போட்டம் மாறும்.

‘ஸ்லோ வாக்கர் 1’ என்ற பூட்டல் மரபணுவின் பெயருக்கு ‘மெல்ல நடப்பவர்’ என்று பொருள். அது கெட்டால் சூலுக்குள் முட்டை உருவாகும் கருப்பையின் உட்கருப் பிரிவுகள் தாமதமாகின்றன. மகரந்தக்குழல் வந்து சேரும்போது பெரும்பாலானவை இன்னும் பாதி வழியில்தான் இருக்கும். மகரந்தச் சேர்க்கையைச் சற்றுத் தள்ளிப்போட்டால் சில மட்டும் தேறிவிடுகின்றன.

ரைபோசோம் குறைந்தால் புரதம் குறையும், அதனால் வளர்ச்சி குன்றும் என்று முடித்துவிடத் தோன்றும். 2017இல் வெளியான ஓர் ஆய்வு அந்த எளிய கணக்கை அசைத்தது. பூட்டல் கெட்ட அராபிடாப்சிஸில் ‘அனாக் 082’ என்ற இன்னொரு மரபணுவையும் செயலிழக்கச் செய்தார்கள். பூட்டலின் பழுது அப்படியே இருந்தது. ஆனால் செடியின் வளர்ச்சிக் கோளாறு வெகுவாகக் குறைந்தது. அப்படியென்றால் வளர்ச்சி குன்றியதில் ஒரு பங்கு செடியே போட்ட தடை. பட்டறையில் கோளாறு என்ற சேதி அனாக் 082 வழியாகப் போயிருக்கிறது. அதைக் கேட்டுச் செடி தன் வளர்ச்சியைத் தானே மட்டுப்படுத்தியிருக்கிறது.