கட்டுப்பாடு: நேரியல் திட்டமிடலில் ஒரு சொல்

நேரியல் திட்டமிடல் என்பது கையில் இருப்பதைப் பங்கிடும் கணக்கு. அதில் எதைக் கூட்ட அல்லது குறைக்க நினைக்கிறோமோ அது குறிக்கோள். எந்தப் பங்கீடு செல்லும், எது செல்லாது என்று பிரித்துச் சொல்லும் சமன்பாடும் அசமன்பாடும் கட்டுப்பாடுகள். ஆங்கிலத்தில் கன்ஸ்ட்ரெயின்ட்.

அந்த ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது. அங்கே கான்ஸ்ட்ரிங்கெரே என்றால் சேர்த்து இறுக்கிக் கட்டுவது. நம் சொல்லும் கட்டுவதில்தான் பிறக்கிறது. கட்டு, படு சேர்ந்து கட்டுப்படு. அதில் படு நீண்டு பாடு ஆனால் கட்டுப்பாடு. சிலர் எழுதும் நிபந்தனையும் வடமொழியில் கட்டுதலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்ததே. ஆனால் பேச்சில் நிபந்தனை என்றால் ஒருவர் இன்னொருவருக்கு விதிப்பது. நேரமோ பொருளோ போதாமல் இருப்பதை யாரும் விதிப்பதில்லை என்பதால், கட்டுப்பாடுதான் பொருத்தம் என்பேன். வரம்பு என்ற சொல்லை அசமன்பாட்டின் வலப்பக்கத்து எண்ணுக்கு வைத்துக்கொள்ளலாம். தடை என்று எழுதுவது தவறு. 'இவ்வளவாவது வேண்டும்' என்பதும் கட்டுப்பாடுதான். அது எதையும் தடுப்பதில்லை, கேட்கிறது.

துறையின் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. லீனியர் புரோகிராமிங்கை நேரியல் நிரலாக்கம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நிரலாக்கம் கணினிக்கு நிரல் எழுதுவது. சோவியத் ஒன்றியத்தில் லியோனிட் கன்டரோவிச் 1939இல் உற்பத்தித் திட்டங்களுக்காக இவ்வகைக் கணக்கை எழுதினார். அமெரிக்க விமானப்படையில் பணியாற்றிய ஜார்ஜ் டான்ட்சிக் 1947இல் இக்கணக்குகளுக்கு விடை காணும் சிம்ப்ளெக்ஸ் முறையைக் கண்டார். அந்தப் படையில் பயிற்சி, தளவாடம் ஆகியவற்றின் திட்டத்துக்குத்தான் புரோகிராம் என்று பெயர். எனவே நேரியல் திட்டமிடல் என்பதே சரி.

சரி, கட்டுப்பாட்டை எழுதுவது எப்படி? வாரத்தில் படிக்கக் கிடைக்கும் 20 மணி நேரத்தைக் கணிதத்துக்கும் வரலாற்றுக்கும் பங்கிட வேண்டும். கணிதத்துக்கு க மணி, வரலாற்றுக்கு வ மணி. மொத்தம் 20 மணிக்கு மிகாமல்: க + வ ≤ 20. தமிழில் 'மிகாமல்' வந்தால் ≤, 'குறையாமல்' வந்தால் ≥. 'குறை' என்ற பகுதியைப் பார்த்த வேகத்தில் ≤ போட்டுவிடுகிறவர்கள் பலர். அதன் எதிர்மறைதான் பொருளையே திருப்புகிறது.

அடுத்து, 'கணிதத்துக்கான நேரம் வரலாற்றைப் போல் இரு மடங்குக்குக் குறையக் கூடாது.' அவசரத்தில் எழுதினால் 2க ≥ வ என்று கை போய்விடும். எண் போட்டுப் பாருங்கள்: வரலாறு 4 மணி, கணிதம் 2 மணி என்றாலும் இது நிறைவேறிவிடுகிறது. கேட்டதோ கணிதத்துக்கு 8 மணி! எனவே க ≥ 2வ. எந்தக் கட்டுப்பாட்டை எழுதினாலும், செல்லாது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பங்கீட்டைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

விகிதம் வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். 'வரலாறு மொத்தத்தில் 30 விழுக்காட்டுக்குக் குறையாமல்' என்பதை வகுத்தலாக எழுதினால் கீழே மாறிகள் வந்துவிடும், நேரியல் வடிவம் கெட்டுவிடும். பெருக்கி எழுதுங்கள்: வ ≥ 0.3(க + வ). சுருக்கினால் 7வ ≥ 3க. நேரியல் வடிவில் மாறியை எண்ணால் பெருக்கலாம், கூட்டலாம், கழிக்கலாம். மாறியை மாறியால் பெருக்கக் கூடாது. க, வ இரண்டும் குறை எண்ணாக வராது என்பதையும் எழுதிவிட வேண்டும். ஒருபக்கம் மணி, மறுபக்கம் நிமிடம் என்றும் இருக்கக் கூடாது.

கணிதத்தில் ஒரு மணிக்கு 3 அலகுப் பயன், வரலாற்றில் 2 என்று வைத்தால், 3க + 2வ மிகப் பெரிதாவது க = 14, வ = 6 என்னும்போது: மொத்தப் பயன் 54. இப்போது கட்டுப்பாடுகளைப் பாருங்கள். 14 + 6 சரியாக 20. 7வ = 42, 3க = 42. இரண்டும் இறுகி நிற்கின்றன. இரு மடங்குக் கட்டுப்பாடு மட்டும் தளர்வாக இருக்கிறது: கேட்டது 12, கொடுத்தது 14. அதை இன்னும் தளர்த்தி க ≥ வ என்று மாற்றினாலும் விடை அசையாது. நேரத்தை 21 மணியாக்கினால் பயன் 56.7க்கு ஏறும். கூடுதல் நேரத்துக்கு அலைவதா, விதியைத் தளர்த்தச் சொல்லிக் கேட்பதா என்று யோசிப்பவருக்கு, எது இறுகியிருக்கிறது என்பது விடையின் எண்களைவிட அதிகம் சொல்லும்.