உயிர்வாழ்தலா, உயிர்பிழைத்தலா?

இந்த மாதத்தில் மட்டும் மூன்றாவது முறை. ‘டாக்டர் ஸ்டோன்’ என்ற மங்காவை, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையை, தமிழில் அறிமுகப்படுத்திய ஒருவர், “இது ஒரு உயிர்வாழ்தல் மங்கா” என்று எழுதியிருந்தார். என் தங்கை மகன் அதைப் படித்துவிட்டு, “அப்போ மத்த மங்காவிலே யாரும் உயிரோட இல்லையா மாமா?” என்று கேட்டான். நியாயமான கேள்வி.

‘சர்வைவல்’ என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் அவர் அப்படித் தமிழாக்கியிருந்தார். அதன் வேர் லத்தீன். ‘சூப்பர்’ என்றால் மேலே, கடந்து. ‘விவெரே’ என்றால் வாழ்தல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சாகவேண்டிய ஒன்றைக் கடந்தும் உயிரோடு இருப்பது என்று பொருள். ஜப்பானியரிடம் ‘இகினோகோரு’ என்று சொந்தச் சொல்லே இருக்கிறது: வாழ்ந்து எஞ்சுதல். ஆனாலும் மங்கா ஓவியர் சைத்தோ தக்காவோ, மாபெரும் நிலநடுக்கத்துக்குப் பின் தனித்துவிடப்பட்ட ஒரு சிறுவனின் கதையை 1976இல் வரையத் தொடங்கியபோது, ஆங்கிலச் சொல்லையே ‘சபைபரு’ என்று தலைப்பாக வைத்தார். நமக்கு அந்தக் கடன் தேவையில்லை. ஊரெல்லாம் புழங்கும் சொல் நம்மிடம் இருக்கிறது.

‘உயிர்வாழ்தல்’ ஏன் பொருந்தாது? மீன் நீரில் உயிர்வாழ்கிறது. நானும் நீங்களும் இப்போது உயிர்வாழ்கிறோம். அதில் ஆபத்தும் இல்லை, அதைக் கடந்து வருவதும் இல்லை. ‘டாக்டர் ஸ்டோன்’ கதையையே பாருங்கள். மனிதர்கள் எல்லோரும் ஒரு நொடியில் கல்லாகிறார்கள். சென்கு என்ற மாணவன் கல்லுக்குள் நினைவு தப்பாமல், நொடிகளை எண்ணிக்கொண்டே சுமார் 3,700 ஆண்டுகள் கிடக்கிறான். அது உயிர்வாழ்தல், சரி. கல் உடைந்து வெளியே விழுகிறானே, மின்சாரம் இல்லை, மருந்து இல்லை, உடுத்தத் துணிகூட இல்லை, சுற்றிலும் காடு. அங்கிருந்து அவன் செய்வதெல்லாம் பிழைத்தல்.

ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் யாரும் டாக்டரிடம் “உயிர்வாழ்வாரா?” என்று கேட்பதில்லை. “பிழைச்சுக்குவாரா?” என்றுதான் கேட்பார்கள். போன வருஷம் என் அம்மா பத்துக் கத்தரிக் கன்று வைத்தார். வெயிலில் நான்கு கருகிவிட்டன. “ஆறு பிழைச்சுது” என்றார். அந்த ஒரு சொல்லில் வெயிலும் இருக்கிறது, கருகிப்போன நான்கும் இருக்கின்றன.

இதைச் சொன்னால் உடனே ஒரு மறுப்பு வரும்: பிழை என்றால் தவறு ஆயிற்றே, வாசகர் குழம்புவாரே என்று. குழம்ப மாட்டார். பிழைத்தல் என்பதற்குக் குறி தவறுதல் என்றும் ஒரு பொருள் உண்டு. நெறியிலிருந்து விலகினாலும் பிழைத்தல்தான். “அரைசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்று ஆவதூஉம்” என்று சிலப்பதிகாரப் பதிகம் சொல்வது இந்தப் பொருளில். சாவு வைத்த குறி தவறிவிட்டால் ஆள் பிழைத்தான். இரண்டையும் இப்படிச் சேர்த்துப் பார்ப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. தப்பு என்ற சொல்லும் அப்படித்தான்: தப்புச் செய்தான், உயிர் தப்பினான். தவறு மட்டும் எதிர்ப்பக்கம் போய்விட்டது. “தவறிவிட்டார்” என்றால் இறந்துவிட்டார். குற்றத்தைச் சொல்லும் மூன்று சொற்களும் சாவின் வாசலிலேயே நிற்கின்றன. இப்படி ஒரு செல்வத்தை வைத்துக்கொண்டு சப்பென்று ‘உயிர்வாழ்தல்’ என்று எழுத எப்படி மனம் வருகிறது?

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் ‘உய்வு’ என்கிறார்கள். அழகான சொல், மறுக்கவில்லை. “எரியாற் சுடப்படினும் உய்வுண்டாம் உய்யார் பெரியார்ப் பிழைத்தொழுகு வார்” என்ற குறளில் உய்வும் பிழைத்தலும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. அங்கே நமக்கு வேண்டிய பொருள் உய்வில்தான் இருக்கிறது. பிழைத்தலுக்குத் தீங்கிழைத்தல் என்று பொருள். ஆனால் இன்று உய்வு என்றால் கோயிலும் பிறவிக்கடலும்தான் நினைவுக்கு வரும். காட்டில் தீமூட்டும் பையனுக்கு அதைச் சூட்டினால் ஒட்டாது. தூய்மையைவிட எனக்குத் தெளிவு முக்கியம்.

உண்மையில் என் கோபம் மங்காவைப் பற்றியது மட்டும் இல்லை. அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்து எல்லா இடத்திலும் ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள்மேல் வரும் கோபம் அது. “புற்றுநோயிலிருந்து உயிர்வாழ்பவர்” என்று ஒரு துண்டறிக்கையில் படித்தேன். நோயை வென்று வந்த ஒரு மனுஷியைப் பற்றிய வரி அது! ‘மீண்டவர்’ என்ற சொல் எங்கே போயிற்று? ‘சர்வைவல் ஆஃப் தி ஃபிட்டஸ்ட்’ என்ற, ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஸ்பென்சரின் 1864ஆம் ஆண்டுத் தொடரை ‘தக்கன பிழைத்தல்’ என்று தமிழாக்கியவர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. இரண்டே சொல்லில் முடித்தார்கள், பள்ளிப் பிள்ளைக்கும் புரிந்தது.

ஆகவே என் பரிந்துரை ‘உயிர்பிழைத்தல்’. தவறு என்ற பொருளோடு மோதாமல் இருக்கத்தான் முன்னால் ‘உயிர்’. கதை வகையைச் சொல்லும்போது ‘உயிர்பிழைக்கும் கதை’. ‘பிழைப்பு மங்கா’ என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள்; பிழைப்பு என்றால் சம்பாத்தியம், சோறு, அன்றாடப் பாடு. அந்தச் சொல்லுக்கும் இந்தக் கதையில் இடம் இருக்கிறது, கொஞ்சம் தள்ளி: நண்பன் தாய்ஜூவும் கல்லிலிருந்து எழுந்து வந்தபிறகு, கிளிஞ்சலைப் பொடித்துச் சோப்புக் காய்ச்சுகிறார்களே, அங்கே.