மழை விட்ட மறுநாள் கடலில் என்ன இருக்கிறது?

கோடை முழுக்கக் கறுத்துக் கிடக்கும் கூவமும் அடையாறும் வடகிழக்குப் பருவமழையில் முகத்துவாரத்து மணல்திட்டை அறுத்துக்கொண்டு கடலில் பாயும். "ஆறு சுத்தமாயிடுச்சு" என்போம். ஆற்றிலிருந்த கழிவு இப்போது கடற்கரையில் நிற்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

சாக்கடையில் வரும் ஈ.கோலி நம் குடலில் வாழும் பாக்டீரியா. 37 டிகிரி சூடு, இருட்டு, குறையாத தீனி என்று பழகியது. கடலிலோ லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அது செல்லிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. ஒருசெல் உயிரிகள் பாக்டீரியாவைத் தின்கின்றன. எல்லாவற்றிலும் கொடியது வெயில். புற ஊதாக்கதிர் டி.என்.ஏ.வையே சிதைக்கும். தெளிந்த நீரில், உச்சிவெயிலில், பத்தில் ஒன்பது ஈ.கோலி சில மணி நேரத்துக்குள் மடிந்துவிடும். இரவில் அதே அளவு குறைய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம்.

மழைநாளில் இந்தக் காவல் தளர்ந்துவிடுகிறது. மேகம் வெயிலை மறைக்கிறது. கலங்கல் மிச்ச ஒளியையும் தடுக்கிறது. வெள்ளநீர் கலந்து உப்பும் குறைகிறது.

இதைவிட எனக்குக் கவலை தருவது அடியில் படிந்த சகதி. அங்கே வெளிச்சம் எட்டாது, தீனி உண்டு. உப்பைத் தாங்க உதவும் பீட்டைன் என்ற பொருளும் வண்டலில் கிடைக்கிறது. ஈ.கோலி அதை உறிஞ்சிச் சேர்த்துக்கொண்டு செல்லுக்குள் நீரைத் தக்கவைத்துக்கொள்ளும். நீரில் சில நாளில் செத்துப்போவது சகதியில் வாரக்கணக்கில் கிடக்கும். வெள்ளமோ பேரலையோ கிளறிவிட்டால் மீண்டும் மேலே வந்துவிடும்.

இன்னொரு சிக்கல். அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல்லும் உடன் ஆய்வாளர்களும் 1982-இல் காட்டியது இது: ஈ.கோலியும் காலரா கிருமியும் உயிரோடிருந்தபடியே, கிருமிகளை வளர்த்து எண்ணும் ஆய்வகத் தட்டில் வளராத ஒரு நிலைக்குப் போகக்கூடும். தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை என்பதால் எல்லாம் செத்துவிட்டதாகச் சொல்ல முடியாது. கடல்நீரில் ஈ.கோலியைவிட அதிகம் தாக்குப்பிடிக்கும் என்டெரோகாக்கஸ் என்ற இன்னொரு குடல் பாக்டீரியாவைப் பல நாடுகள் கழிவு கலந்ததற்கு அடையாளமாக எண்ணுகின்றன. அமெரிக்காவில் குளிக்கும் கடல்நீருக்கு வகுத்த அளவு, 100 மில்லிலிட்டருக்குச் சராசரியாக 35.

வழக்கமான வளர்ப்புச் சோதனையில் அந்த எண்ணிக்கை தெரிய ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். முடிவு வரும்போது, மாதிரி எடுத்த அன்று குளித்தவர்கள் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.